சீட்டில் பேர் இல்லாத சனம்

குத்தகைச் சீட்டு எழுதுவதற்கு ஒரு வரிசை உண்டு. தேதி, கொடுக்கிறவர், வாங்குகிறவர், வாயிதா, தொகை. அப்புறம்தான் நிலம். செக்குபந்தி சொல்லி முடித்த பிறகு, கொடுக்கிறவர் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டது எல்லாம் வரும்: மரம், தண்ணீர், வழி. கடைசியில் நிபந்தனைகள். நான் மூணு வருஷம் ஒரு பத்திர எழுத்தரிடம் படியெடுக்கிற வேலை பார்த்தவன். அதனால எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் என் கண்ணு நேரா கடைசிப் பக்கத்துக்குத்தான் போகும். சண்டையெல்லாம் அங்கேதான் கிடக்கும்.

அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் என்ற மாகாணத்தில் ஆட்களைக் குடியேற்றுவதற்காக இங்கிலாந்து அரசு 1609இலும் 1610இலும் வெளியிட்ட நிபந்தனைகளையும் அப்படித்தான் கீழேயிருந்து மேலாக வாசித்தேன். “நம்ம கதையே எழுதித் தீரல, உனக்கு எதுக்குய்யா அயர்லாந்து?” என்று தோழர் ஒருவர் கேட்டார். நிலம் யாருக்குக் கிடைக்கக் கூடாது என்பதைப் பிறப்பை வைத்து எழுதி, ராஜாவின் பேரால் வெளியிட்ட காகிதம் அது. அப்படி ஒரு காகிதம் கையில் கிடைத்தால் நம்மில் யாரால வாசிக்காம இருக்க முடியும்? சாதியும் அதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனால் எழுதின கை எப்படி ஓடியிருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

பிளாண்டேஷன் என்றால் நமக்குத் தேயிலைத் தோட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். அயர்லாந்தில் நட்டது ஆட்களை. அல்ஸ்டருக்கு முன்பே தெற்கே மன்ஸ்டரில். டெஸ்மண்ட் பிரபுவின் கலகம் 1583இல் நசுக்கப்பட்டு, 1586லிருந்து அந்த நிலத்தை இங்கிலாந்துக்காரர்களுக்குப் பங்கு போட்டார்கள். இங்கிலீஷ் இலக்கியம் படித்தவர்களுக்கு எட்மண்ட் ஸ்பென்சரைத் தெரிந்திருக்கும். அந்தக் கவிஞருக்கு அங்கே மூவாயிரம் ஏக்கர் பங்கு. ஐரிஷ்காரர்களைப் பஞ்சத்தில் தள்ளிப் பணிய வைக்கலாம் என்று உரைநடையில் யோசனையும் எழுதி வைத்தார். வகுப்பில் பாட்டை மட்டும்தான் நடத்துகிறார்கள்.

அல்ஸ்டர் கதை இன்னும் பெரிசு. 1607 செப்டம்பரில் ஹியூ ஓநீல், ரோரி ஓடானல் என்ற இரண்டு பெரிய பிரபுக்கள் குடும்பத்தோடு ரத்முல்லன் கரையில் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரவேயில்லை. டோனிகால், கோல்ரெய்ன், டைரோன், ஃபெர்மனா, அர்மா, கேவன் ஆகிய ஆறு மாவட்டங்கள் அரசுக்குச் சொந்தம் என்றாயிற்று. பிரபுக்கள் போனதை நினைத்து அயர்லாந்தில் நாலு நூற்றாண்டாக அழுகிறார்கள். அழட்டும். ஆனால் இந்த ஓநீல் தன் நிலத்து உழவர்கள் வேறு பிரபுவிடம் ஓடிவிடாதபடி மண்ணோடு கட்டிப்போட்டவர். கப்பலில் இடம் கிடைக்காத அந்த உழவர்களைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

நிலத்தை 1000, 1500, 2000 ஏக்கர் என்று கூறு போட்டார்கள். வாங்கினவர்கள் முக்கியமா மூணு வகை. முதல் வகை இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்த ‘அண்டர்டேக்கர்’கள், அதாவது ஆட்களைக் கொண்டுவந்து குடிவைக்கப் பொறுப்பேற்றவர்கள். ஆயிரம் ஏக்கருக்கு 24 ஆண்களைக் கூட்டிவர வேண்டும். அரசுக்கு வருஷ வாரம் ஆயிரம் ஏக்கருக்கு 5 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். இரண்டாவது, அயர்லாந்தில் ராஜாவுக்குப் படைவேலையும் அரசாங்க வேலையும் பார்த்தவர்கள். இவர்கள் தங்கள் நிலத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் குடிகளை வைத்தால் அதே 5-6-8. ஐரிஷ் குடிகளை வைத்தால் 8 பவுண்டு. மூன்றாவது, நல்லவர்கள் என்று அரசு பொறுக்கியெடுத்த ஐரிஷ்காரர்கள். அவர்களுக்கு 10 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். அந்தக் காலத்தில் பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐரிஷ் குடி வைத்தால் சரியா ஒன்றரை மடங்கு, நீயே ஐரிஷ்காரனாக இருந்தால் சரியா ரெண்டு மடங்கு. பென்ஸ் பிசகாமல் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறான்.

நிபந்தனைகளில் ரெண்டு என்னைப் பிடித்து நிறுத்தியது. அண்டர்டேக்கர்கள் தங்கள் குடிகளை நினைத்த நேரத்தில் வெளியேற்றும்படி வைத்திருக்கக் கூடாது. ஆயுசுக்கோ இத்தனை வருஷத்துக்கோ என்று உறுதியான சீட்டு எழுதித் தர வேண்டும். இது ஒன்று. ‘மியர் ஐரிஷ்’ ஆட்களுக்கு நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. இது இன்னொன்று. ‘மியர்’ என்றால் அந்தக் காலச் சட்ட இங்கிலீஷில் கலப்பில்லாத, சுத்தமான என்று பொருள். இன்றைய காதுக்கு ‘வெறும்’ என்று கேட்கிறது. எனக்கென்னவோ ரெண்டு பொருளும் அப்பவே சேர்ந்துதான் இருந்திருக்கும் என்று படுகிறது.

இந்த ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் நடந்தது புரியும். ஐரிஷ்காரர்கள் அண்டர்டேக்கர் நிலத்தை விட்டுக் காலிபண்ணிப் போக வேண்டும் என்பது காகிதம். அவர்கள் போகவில்லை. போக விடவும் இல்லை. 1618-19இல் நிக்கலஸ் பின்னார் என்ற அதிகாரி ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தபோது, விலக்கப்பட்ட நிலங்களிலேயே ஐரிஷ்காரர்கள் உழுதுகொண்டிருந்தார்கள். கடல் தாண்டி வரவேண்டிய குடிகள் போதுமான அளவு வரவில்லை. ஐரிஷ்காரர்கள் கூடுதல் வாரம் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். வேற வழி என்ன இருந்தது? இவர்களுக்குச் சீட்டு எழுதினால் அண்டர்டேக்கர் நிபந்தனையை மீறினதாக ஆகும். அதனால் சீட்டு கிடையாது. சீட்டு இல்லாததால் நாளைக்கே போ என்று சொல்லலாம். போ என்று சொல்லலாம் என்பதால் வாரத்தை ஏற்றலாம். விலக்கி வைத்த சட்டமே நிலக்காரனுக்கு அதிக வருமானம் தந்தது. அரசுக்கும் அதில் பங்கு வேண்டியிருந்தது. 1628இல், கூறில் கால் பங்கு நிலத்தில் ஐரிஷ் குடிகளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசுக்கு வாரம் ரெண்டு மடங்கு என்று பேசி முடித்தார்கள். லண்டன் நகரத்து வியாபாரக் கம்பெனிகள் டெரிப் பகுதியை மொத்தமாக வாங்கியிருந்தன. அவர்கள் மேல் வழக்குப் போட்டு 1635இல் 70,000 பவுண்டு அபராதம் தீர்த்தார்கள். ஐரிஷ் குடிகளை வெளியேற்றாமல் வைத்திருந்ததும் குற்றங்களில் ஒன்று. அந்தக் குடிகள் கொடுத்த கூடுதல் வாரத்தை அவர்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கப்பா முப்பது வருஷம் வாரத்துக்கு உழுத நிலத்துக்குச் சீட்டு கிடையாது. “உனக்கெதுக்குடா சீட்டு, நான் சொன்னா போதாதா” என்பதுதான் சீட்டு. நான் படியெடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த நிலத்தின் கிரயப் பத்திரமே என் மேசைக்கு வந்தது. சர்வே நம்பரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் வழக்கமான வரி: மேற்படி சொத்தில் குத்தகைதாரர், குடிவாரதாரர் எவரும் இல்லை. என் கையெழுத்து நல்லா இருக்கும் என்று எழுத்தர் சொல்லுவார். அந்த வரியையும் நல்லாத்தான் எழுதிக் கொடுத்தேன். அன்று காலையில்கூட அப்பா அங்கே தண்ணி கட்டப் போயிருந்தார்.

நிலம் போகட்டும், மில்லுக்கு வருகிறேன்.

குடியேற்றக் காலத்துச் சீட்டுகளில் நிலக்காரர் தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிற பட்டியலில் மரம், சுரங்கம், கல்குவாரியோடு மில் கட்டத் தோதான இடமும் ஓடையும் வரும். மில் என்றால் தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்றித் தானியம் அரைக்கிற மில். அதை நிலக்காரர் தானே ஓட்ட மாட்டார், இன்னொருவருக்குக் குத்தகை விடுவார். எடுக்கிறவருக்குக் கட்டிடமும் கல்லும் தண்ணியும் மட்டும் போதாது. அரைக்க ஆள் வரணும். அதனால் இன்னின்ன ஊர்க் குடிகள் இங்கேதான் அரைக்க வேண்டும் என்ற உரிமையும் சேர்ந்தே குத்தகைக்குப் போகும். இதே நிபந்தனை அந்தக் குடிகளின் நிலச் சீட்டிலும் இருக்கும். கூலி தானியமாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஒரு சீட்டின் வாய்க்குள் இன்னொரு சீட்டின் வால். சீட்டே இல்லாத குடிக்கும் இது பொருந்தும் என்று தனியாக எழுத வேண்டிய அவசியம் இல்லை.

இது ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் பழகின வித்தை. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் தலைவர் பதினான்காம் நூற்றாண்டில் ஊரார் வீட்டுத் திருகைக் கல்லையெல்லாம் பறித்து மடத்துக்குள் தரையாகப் பாவினார், எல்லோரும் மடத்து மில்லுக்கே வரணும் என்பதற்காக. 1381இல் குடியானவர்கள் கலகம் செய்தபோது உள்ளே புகுந்து அந்தக் கல்லைப் பெயர்த்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அரைக்க உதவாத துண்டு. ஆனாலும் எடுத்துப் போனார்கள்.

அப்படியானால் வெள்ளைக்காரக் குடியேற்றத்துக்கு முன்னால் அயர்லாந்தில் எல்லாம் நல்லா இருந்ததா? பழம்பெருமை பேசுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு ஐரிஷ் சட்டத்தில் மில்லுக்குக் கொண்டுபோகிற தண்ணீரைப் பற்றியே ஒரு நூல் உண்டு. வாய்க்கால் யார் நிலத்தின் வழியாகப் போகிறதோ அவருக்கும் அந்த மில்லில் முறை உண்டு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தண்ணீரால் உண்டான உறவு என்கிற மாதிரியான தலைப்பு. படிக்கும்போது மனசு குளிர்கிறது. ஆனால் அதே சட்டங்களில் சொத்துக்கும் அபராதத்துக்கும் நிலத்துக்கும் அளவுகோலாக ‘குமல்’ என்ற சொல் வருகிறது. குமல் என்றால் அடிமைப்பெண். இத்தனை அடிமைப்பெண் பெறுமானமுள்ள நிலம் என்று அளந்திருக்கிறார்கள். நிலம் இல்லாதவளுக்குத் தண்ணீர் உறவும் இல்லை.

அயர்லாந்தின் முதல் தண்ணீர் மில் எப்படி வந்தது என்பதற்கு ஒரு பழங்கதை சொல்கிறார்கள். கோர்மாக் ராஜாவிடம் சிறைபிடித்துக் கொண்டுவந்த கீர்னித் என்ற பெண் இருந்தாள். ராணி அவளைத் தினமும் இத்தனை அளவு தானியம் கைத்திருகையில் அரைக்க வைத்தாள். ராஜா அவளைக் கர்ப்பமாக்கினார். அவளால் அரைக்க முடியாமல் போகவும், கடல் தாண்டி ஒரு தச்சனை வரவழைத்து மில் கட்டினார். ராஜாவின் கருணை என்று கதை முடியும். எங்க அப்பாயி ஊர்ப் பெரியவீட்டுக் கொட்டகையில் ஏந்திரம் சுத்தினவள். கேவுரு மாவு ஒரு படி கூலி. இந்தக் கதையைச் சொல்லியிருந்தால், ராஜா எதுக்கு அவளை விடுதலை பண்ணல என்று ஒரே கேள்வியில் முடித்திருப்பாள்.

1641 அக்டோபரில் அல்ஸ்டரில் ஐரிஷ்காரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். குடியேறிகள் வீடிழந்தார்கள், குளிரில் துணியில்லாமல் விரட்டப்பட்டார்கள். போர்ட்டடவுன் பாலத்தில் ஏறக்குறைய நூறு பேரை ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். அதில் சீட்டு எழுதின பெரிய மனுஷர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனசில்லை. தப்பிவந்தவர்கள் கொடுத்த வாக்குமூலங்கள் சுமார் 8,000, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. 2010இலிருந்து எல்லாமே கணினியில் வாசிக்கக் கிடைக்கிறது. ராத்திரி ராத்திரியாக வாசித்தேன். ஒவ்வொருவரும் இழந்ததைப் பட்டியல் போடுகிறார்கள்: மாடு, குதிரை, தானியம், துணிமணி, வரவேண்டிய கடன். கூடவே குத்தகையில் மிச்சம் இருந்த வருஷங்களும், கட்டின வீடும், சில இடங்களில் மில்லும், பவுண்டில். அனுபவிக்காத வருஷத்துக்குக்கூட விலை போட முடிந்தது, சீட்டு இருந்ததால். முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே மண்ணை இழந்தவனிடம் யாராவது உட்கார்ந்து, உனக்கு என்னென்ன போச்சு, எவ்வளவு பெறும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்களா?

க்ராம்வெல்லின் படை வந்து 1652க்குப் பிறகு நிலம் இன்னும் பெரிய அளவில் கைமாறியது. அதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் சீட்டுக்காரன், சீட்டிலேயே நிற்கிறேன். 1704 சட்டம்: கத்தோலிக்கர்கள் நிலம் வாங்கக் கூடாது. குத்தகை எடுத்தால் 31 வருஷத்துக்கு மேல் கூடாது. வாரம் நிலத்தின் வருஷ மதிப்பில் மூன்றில் ரெண்டு பங்குக்குக் குறையக் கூடாது. நல்லா பாடுபட்டு விளைச்சலைக் கூட்டினால் நீ சட்டவிரோதி. 1709இல் இதற்கு உளவும் சேர்ந்தது. இப்படி ஒருவர் விதி மீறி வைத்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்கிற புராட்டஸ்டண்டுக்கு அந்தக் குத்தகையே கிடைக்கும். மதம் மாறினால் நிலம் தப்பும் என்ற வாசல் மட்டும் திறந்திருந்தது. சிலர் மாறினார்கள், நிலம் தப்பியது. நம்ம ஊரில் மதம் மாறினவர்களின் தெருவுக்கு என்ன பேர் என்று உங்களுக்கே தெரியும். டப்ளினில் பத்திரப் பதிவு அலுவலகம் 1708இல் தொடங்கியது. 21 வருஷத்துக்கு உட்பட்ட குத்தகைகளைப் பதிய வேண்டியதில்லை. வருஷா வருஷம் உழுகிறவன் அந்த ஏடுகளில் எப்படி வருவான்?

1771-72இல்தான் முதல் தளர்வு. கத்தோலிக்கர் 61 வருஷத்துக்குக் குத்தகை எடுக்கலாம் என்று சட்டம் வந்தது. சந்தோஷமாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். ஐம்பது ஏக்கர் வரை. சதுப்பு நிலமாக இருக்க வேண்டும். சதுப்பு நாலடி ஆழமாவது இருக்க வேண்டும். ஊரிலிருந்து ஒரு மைல் தள்ளி இருக்க வேண்டும். 21 வருஷத்துக்குள் பாதியைக் காயவைத்து விளைநிலமாக்கிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு செல்லாது. வீடு கட்ட மட்டும் பக்கத்தில் அரை ஏக்கர் நல்ல நிலம்.