இரண்டு நூல் விலகல்

"மீன்பாடி வண்டிதான இது? பொட்டிய மட்டும் காணோம்."

பட்டறை மேஸ்திரி இப்படிச் சொன்னதும், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த இரண்டு பொறியியல் மாணவர்களின் முகமும் சுருங்கிவிட்டது. புராஜெக்ட்டுக்காக மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய சாய்வு சைக்கிள் அது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நடுவில் ஈஸிசேர் போல ஒரு இருக்கை. சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னுக்கு நீட்டி மிதிக்க வேண்டும். பெடல் வண்டியின் மூக்கில் இருக்கிறது, இழுபட வேண்டிய சக்கரமோ வாலில். ஐந்தேகால் அடித் தொலைவைச் செயின் கடந்தாக வேண்டும். நூறடி போவதற்குள் அது கழன்றுவிடுகிறது.

வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளின் முதுகுப்புறச் சந்து ஒன்றில் இருக்கிறது அந்தப் பட்டறை. நான் போயிருந்த அன்று வாசலில் துணி மூட்டை ஏற்றும் டிரைசைக்கிள் ஒன்று மல்லாந்து கிடந்தது. உள்ளே வெல்டிங் கருகல் வாசனை, சுவரில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு பழைய ஃப்ரீவீல். மேஸ்திரியும் ஒரு கையாளும்தான் ஆட்கள்.

மேஸ்திரியின் கிண்டலில் உண்மை இருந்தது. காசிமேட்டிலிருந்து ஐஸும் மீனும் சுமந்துவரும் மீன்பாடி வண்டிக்கும் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்றுதான். பழைய ஸ்கூட்டர், மொபெட் இன்ஜினைப் பூட்டி ஓட்டுவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் அதை ஏற்பதில்லை. வடசென்னைத் தெருக்களுக்கு அது இல்லாமல் முடிந்ததும் இல்லை. இந்த ஊரின் பட்டறைக்காரர்கள் மூன்று சக்கரத்தின் குணத்தை அந்த வண்டிகளில்தான் படித்தார்கள்.

சாய்வு சைக்கிள் மாணவர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1933 ஜூலையில் பாரீஸ் ஓட்டப் பாதையில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர், சார்லஸ் மோஷே வடிவமைத்த இப்படியொரு வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நின்றிருந்த சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இதைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. காற்றைக் கிழிப்பதில் கெட்டிக்கார வண்டி. செயின் விஷயத்தில் மட்டும் அடம்பிடிக்கும்.

சாதாரண சைக்கிளில் ஒரு செயின் போதும். இதற்கு ஏறக்குறைய இரண்டரைச் செயினைக் கோத்திருந்தார்கள். அவ்வளவு நீளம் இருக்கையில் இடிக்காமல் போக, இடையில் ஒரு பல் புல்லியை வைத்துச் செயினைக் கீழ்நோக்கி வளைத்திருந்தார்கள். கழன்ற செயின் அந்தப் புல்லிக்குப் பக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"இங்கதான்ணா கழலுது" என்று ஒரு மாணவன் புல்லியைத் தொட்டுக் காட்டினான்.

"எங்க கயல்துன்றது கெடக்கட்டும். எப்ப கயல்து, அத்த சொல்லு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேஸ்திரிக்குச் செயின் கழலும் நேரம்தான் துப்பு. பெடலைப் பின்னுக்குச் சுற்றும்போது கழன்றால், கீழே திரும்பி வரும் பக்கத்தில் தொய்வு அதிகம். பெடல் ஒரு சுற்று சுற்றும்தோறும் ஒரே இடத்தில் தடுக்கினால், முன்செயின்வீலில் கோட்டம். பல சுற்றுக்கு ஒருமுறை 'டக்'கென்று எகிறினால், செயினில் எங்கோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. மேடு ஏறும்போதும் கிளம்பும்போதும் மட்டும் கழன்றால், சட்டத்தின் மேல்தான் சந்தேகம்.

வண்டியின் பின்பக்கத்தைக் கட்டைமேல் தூக்கி வைத்து, செயினில் ஒரு கண்ணிக்குச் சாக்பீஸ் அடையாளம் போட்டு, கையால் பெடலைச் சுற்றச் சொன்னார். மூன்றாவது சுற்றில் செயின் புல்லிமேல் ஒரு துள்ளு துள்ளியது. இரண்டு செயின்களைச் சேர்த்த இடத்தில், ஆணியை அடித்திறக்கியபோது கண்ணி இறுகிப்போயிருந்தது. இரு கட்டைவிரலால் பக்கவாட்டில் நெளித்து அதை இளக்கினார். லாக் கிளிப்பையும் திருப்பிப் போட்டார்: அதன் மூடிய முனைதான் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பிறகு அரைமணி நேரம் சுற்றினாலும் கழலாது என்ற அளவுக்கு ஓடியது.

மாணவர்கள் கிளம்பத் தயாரானார்கள். "குந்து" என்றார்.

வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவனை இருக்கையில் உட்காரவைத்தார். முன்செயின்வீலிலிருந்து புல்லியின் நடு வழியாகப் பின்பல்சக்கரத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தான் கையாள். நேர்க்கோடு. "பிரேக்கு புடி. இப்ப மிதி."

பையன் இருக்கையில் முதுகை முட்டுக்கொடுத்து அழுத்தினான். புல்லி நூலைவிட்டு உள்பக்கம் சாய்ந்தது. காலை எடுத்ததும் நேரே நின்றது.

"ரெண்டு நூலு."

மேஸ்திரி சொன்னது பட்டறைக் கணக்கு. அங்குலத்துக்கு எட்டு நூல். சைக்கிள் செயினின் உள் அகலமே ஒரு நூல்தான். அங்கே இரண்டு நூல் சாய்ந்தால் பல் எப்படிச் செயினைப் பிடிக்கும்?

நீளச் செயினுக்கு ஒரு சலுகை உண்டு. ஐந்தேகால் அடித் தொலைவில் இரண்டு நூல் விலகினால் சாய்வு கண்ணுக்கே தெரியாது, செயினும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் இடையில் புல்லி வந்த பிறகு அது ஒரே ஓட்டமாக இல்லை. இந்த வண்டியில் புல்லிக்கும் பின்பல்சக்கரத்துக்கும் இடையே ஓரடிதான். அதே இரண்டு நூல் அங்கே ஐந்து மடங்கு சாய்வாகிவிடுகிறது. போதாததற்குச் செயினின் மேல் ஓட்டம்தான் இழுவையெல்லாம் தாங்குவது. சாதாரண சைக்கிளில் நின்று மிதித்தால் உடம்பின் கனம் காலுக்கு வரும். இதில் முதுகு முட்டுக்கொடுப்பதால் கனத்துக்கு மேலேயும் உதைக்க முடியும். அந்த இழுவை முழுவதும், ஒற்றைப் பக்கம் போல்ட் போட்டு நிறுத்தியிருந்த ஒரு புல்லிமேல் விழுந்துகொண்டிருந்தது.

"லோடு இல்லாத வண்டி எல்லாமே நேராத்தான் நிக்கும்" என்றார் மேஸ்திரி. ரிக்‌ஷாவில் கற்ற பாடம். 1973இல் தமிழ்நாடு அரசு கைரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. அதிலும் பெடலிலிருந்து பின் அச்சுக்கு நீளச் செயின்தான். வெறும் வண்டியாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மூன்று பேர் ஏறியதும் அச்சு குனியும், பல்சக்கரம் சாயும், செயின் கழலும். அதனால் பழைய ஆட்கள் வண்டிமேல் மூட்டையை ஏற்றிவைத்துத்தான் நூல் பிடித்தார்களாம்.

வேலை முக்கால் மணி நேரம். புல்லிக்கு மறுபக்கமும் ஒரு இரும்புப் பட்டையை வெட்டி வைத்து, போல்ட்டை இரண்டு பக்கமும் தாங்கவைத்தார். பட்டை சட்டத்தோடு சேரும் மூலையில் முக்கோணத் தகடு ஒன்றை வெல்டு அடித்தார். மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வாசரை உருவி எதிர்ப்பக்கம் போட்டார். மறுபடி நூல், மறுபடி பிரேக், மறுபடி மிதி. புல்லி அசையவில்லை.

இதே சென்னையில் பெரிய ஆலைகளும் உண்டு. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இலும், அதே குழுமத்தின் செயின் ஆலை 1960இலும் தொடங்கின. திருவொற்றியூரில் 1950களிலிருந்து என்ஃபீல்டு புல்லட் தயாரானது. செயின் ஓடும் நேர்க்கோட்டை அங்கெல்லாம் ஜிக் என்னும் பிடிசட்டத்தில் பூட்டி அளந்திருப்பார்கள். இங்கே அந்த வேலையைச் செய்தது எம்.சி. ரோட்டுத் துணி பார்சலிலிருந்து அவிழ்த்த ஒரு நூல்.

மாணவன் வண்டியை ஓட்டிக்கொண்டு சந்தைத் தாண்டினான். கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும். செயின் கழலவில்லை.

"ஆனா இடது வீல்ல ஏதோ உரசுதுண்ணா."

மேஸ்திரி குனிந்துகூடப் பார்க்கவில்லை. மல்லாந்து கிடந்த டிரைசைக்கிளை நிமிர்த்த, கையாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அத்த நாளைக்கி இட்டா."