தடாகத்து ஓரச் செங்கல்

கடலோரக் கண்டக்குழியில் கைட் சர்ஃபிங் விடுதிகள் கூடக்கூட, உப்புநீர் நீச்சல் தடாகங்களும் கூடுகின்றன. அவற்றின் ஓரத்தில் பதித்த செங்கல் உதிர்வதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

தடாகத்தில் லீற்றருக்கு 3, 4 கிராம் உப்புத்தான். கடலில் 35 கிராம். ஆனாலும் நீந்துபவர் தெறிக்கும் தண்ணீரைச் செங்கல் உறிஞ்சுகிறது, வெயிலில் நீர் ஆவியாகிறது, உப்பு நுண்துளைகளுக்குள்ளேயே படிகமாகி விரிகிறது. முதலில் வெள்ளையாகப் பூக்கும். பிறகு விரலால் தேய்த்தாலே சிவப்புப் பொடி கொட்டும். மே முதல் ஒக்டோபர் வரை வீசும் தென்மேல் காற்று கடலுப்பையும் கொண்டுவந்து அப்பிவிடும்.

இதைத் தடுக்கவென்று பளபளவென வார்னிஷ் மாதிரிப் பூசுவதுதான் பெரிய கேடு. ஈரம் அடைபட்டு, உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து, செங்கலின் முகத்தையே பெயர்த்துவிடும். சிலேன்-சிலொக்சேன் வகைப் பூச்சு நல்லது: தண்ணீரை விலக்கும், ஆவியை வெளியே விடும். அதையும், செங்கலை நன்னீரால் பலமுறை கழுவி, நாள்கணக்கில் காயவிட்ட பிறகே பூச வேண்டும். உப்பு உள்ளே இருக்கப் பூசினால் காசு வீண். சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்பவும் பூசணும்.

அன்றாடம் நன்னீர் ஊற்றிக் கழுவுங்கள். கிணறு உவர்த்தால் மழைநீரைச் சேர்த்து வையுங்கள். வெள்ளைப் பூப்பை நைலோன் பிரஷால் உலரத் தேய்த்தால் போதும், அசிட் வேண்டாம்.

புதிதாகக் கட்டுகிறவர்களே, மேசன் பாஸிடம் இப்போதே சொல்லுங்கள்: ஓரம் வெளிப்பக்கம் சரியட்டும், விளிம்புக்குக் கருங்கல் போடட்டும்.