முன்னாலேயே பேசிவிடுங்கள்

தெரிந்தவர்களோடு விளையாட ஆசை இருந்தால் போதும். தெரியாதவர்களோடு விளையாட முதலில் பேசத் தெரிய வேண்டும். ஆம்பூரில் தோல் ஏற்றுமதி ஆபீஸில் ஆர்டர் பார்த்தே தலை நரைத்தவன் நான். வேலூரில் படிக்கும் என் பேத்தி, முகம் பார்த்திராத நாலைந்து பேரைச் சனிக்கிழமை இரவுகளில் கணினி வழியே கூட்டிவைத்து ஓர் ஆட்டம் நடத்துகிறாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இந்த எண்ணம் உறுதிப்படுகிறது.

ஆட்டத்தின் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. 1974இல் அமெரிக்காவில் வெளியான இதை உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர். ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம். “பாலம் உடைந்து கிடக்கிறது, கீழே ஆறு ஓடுகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று நடத்துபவர் கேட்பார். தாண்டுகிறேன் என்பவர் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். அக்கரை சேர்வதும் ஆற்றில் விழுவதும் அந்த எண்ணின் கையில். 2012இல் ‘ரோல்20’, 2015இல் ‘டிஸ்கார்டு’ என்று இணைய வசதிகள் வந்தபின், ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டிய அவசியமும் போய்விட்டது.

வேஷம் கட்டுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் விடிய விடியக் கூத்து நடக்கும். துரியோதனன் படுகளத்துக்கு ஊரே திரளும். ஆனால் அங்கே கதை எல்லாருக்கும் மனப்பாடம், ஆடுபவர்களும் பெரும்பாலும் தெரிந்த முகங்கள். பேத்தியின் ஆட்டத்திலோ கதை எங்கே போய் முடியும் என்று நடத்துகிற அவளுக்கே தெரியாது. கூட ஆடுபவர்கள் யார், எவர் என்றும் தெரியாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் கண்ணால் காணாத ஆட்களை நம்பிப் பிழைத்த ஊர்கள்தான். ஜெர்மனிக்காரரும் இத்தாலிக்காரரும் எங்களுக்குக் கடிதத்திலும் டெலக்ஸிலும்தான் பழக்கம். மாதிரித் தோலை அனுப்புவோம். நிறம் இது, தடிமன் இத்தனை மில்லிமீட்டர், கப்பல் ஏறும் தேதி இது என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட பிறகே வேலை தொடங்கும். புது ஆள் என்றால் முதலில் சின்ன ஆர்டர்தான்.

பேத்தியும் அப்படித்தான் செய்கிறாள். புதியவர்களோடு முதலில் ஒரே இரவில் முடிகிற குட்டிக் கதை. ஒத்துப்போனால்தான் மாதக்கணக்கில் ஓடும் பெரிய கதை. அதற்கும் முன்னால் ‘செஷன் ஜீரோ’ என்று ஒரு நாள், வெறும் பேச்சுக்காக. கதையில் எவ்வளவு கொடூரம் இருக்கலாம், யாருக்கு எது ஆகாது, ஒருவர் வராவிட்டால் அவர் பாத்திரத்தை என்ன செய்வது என்பதெல்லாம் அன்றே முடிவாகிவிடும். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் வகுத்த ‘எக்ஸ் கார்டு’ ஏற்பாடும் உண்டு. மனசுக்கு ஒவ்வாத காட்சி வந்தால் யாராக இருந்தாலும் ‘எக்ஸ்’ என்று தட்டலாம். அந்தக் காட்சியை அங்கேயே விட்டுவிடுவார்கள், ஏன் என்று கேட்க மாட்டார்கள். ‘ஏன்’ என்று கேட்டுக் கேட்டே பிள்ளைகளின் வாயை அடைத்த என் தலைமுறைக்கு இது நல்ல பாடம்.

ஆடுபவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருப்பதால் நேரத்திலும் கண்டிப்பு. நம் கடிகாரம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஓடும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். நம் இரவு ஒன்பதரை, லண்டனில் குளிர்காலத்தில் மாலை 4 மணி. கோடையில் 5 மணி. அதனால் ஒவ்வொருவர் ஊர் நேரத்தையும் தனித்தனியே எழுதி முன்கூட்டியே அனுப்பிவிடுகிறாள்.

நடத்துபவர் நினைத்தால் எந்த நொடியிலும் ஒரு பூதத்தை அனுப்பி எல்லாரையும் தீர்த்துவிடலாம். அதனால் அவருக்கு ஜெயிப்பதில் அர்த்தமே இல்லை. வாயாடியை அடக்கி, வாய் திறக்காதவரைப் பேர் சொல்லி அழைத்து “நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்பதுதான் அவர் வேலை. மரியாதை கெட்டுப் பேசுபவரிடம் தனியே ஒரு முறை சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் அனுப்பிவிட வேண்டும். ஒருவனுக்குத் தாட்சண்யம் பார்த்தால் நல்லவர்கள் நாலு பேரும் சொல்லாமல் போய்விடுவார்கள்.

பிள்ளைகளே, முகம் தெரியாதவர்களோடு தாராளமாக விளையாடுங்கள். வீட்டு முகவரி, போட்டோ, பண விவரம் மட்டும் கொடுக்காதீர்கள். ஆட்டத்தில் பழகிய ஒழுங்கை ஆட்டத்தோடு விட்டுவிடவும் வேண்டாம். கூட்டுத்தொழில் தொடங்கும்போதும், கல்யாணம் பேசும்போதும், நண்பர்களோடு ஒரே அறையில் வாடகைக்குப் போகும்போதும், எது முடியும், எது முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். முன்னால் சொன்னால் அது ஒப்பந்தம். பின்னால் சொன்னால் வெறும் சாக்கு.