நிறுவைக்கு முன் ஒரு ஷாட்

கண்டியிலிருந்து ஹந்தானைக்கு முச்சக்கர வண்டி ஏற ஏற, வாவியும் தலதா மாளிகையும் கீழே சிறுத்துப் போகின்றன. 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இந்த மலையில் இப்போது தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சரிவு ஒன்றில் மாணவர்கள் சிலர் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கும் அம்மா, நகரில் படிக்கும் மகள், இவ்வளவுதான் கதை. அம்மாவாக நடித்தவர் அந்தத் தோட்டத்துத் தொழிலாளி. சுற்றிலும் பறித்துக்கொண்டிருந்தவர்கள் நடிக்கவில்லை, வேலை செய்தார்கள்.

கேமரா என்பது ஒரு கைபேசி. சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் நீளக் கோலின் நுனியில் மைக் கட்டியிருந்தது. தொடர்ச்சி பார்க்கும் மாணவியின் கையில் ஒரு கொப்பி. இடுப்பில் கட்டிய படங்கின் முடிச்சு எந்தப் பக்கம், கூடையில் கொழுந்து எதுவரை என்றெல்லாம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் குறித்துக்கொண்டாள். தூரக்காட்சி எடுக்கும்போது வெயில் அடித்தது. அண்மைக்காட்சிக்கு ஆயத்தமானதும் மலையிலிருந்து மூட்டம் இறங்கிவிட்டது. இரண்டையும் ஒட்டினால் ஒரே காலை என்று யார் நம்புவார்? ஒளிப்பதிவாளர் அலுத்துக்கொள்ளவில்லை. மூட்டம் கலையும்வரை விரல்களை மட்டும் எடுத்தார். இரண்டு இலையும் குருத்தும் ஒடிகிற மெல்லிய சத்தத்துக்காக மைக் செடியோடு செடியாகப் படுத்திருந்தது.

பிறகுதான் சிக்கல். நிரையில் போய்க்கொண்டிருந்த ஒருவரிடம் இயக்குநர் கேட்டார்: "அக்கா, அங்கயிருந்து இன்னொருக்கா நடந்து வர முடியுமா?"

"வரலாம் தம்பி. நிறுவைக்கு நீங்க கூடைய ரொப்பித் தருவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் கணக்கு சிரிப்புக்கானதல்ல. பறித்த கொழுந்தை நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். 2024இல் அறிவித்த அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. நமக்கு 'ஒன்ஸ் மோர்' என்பது ஒரு சொல். அவருக்கு அது பறிக்காமல் விட்ட கொழுந்து.

குழு அங்கேயே உட்கார்ந்து பேசியது. ஷாட் பட்டியலைக் கிழித்து, நிரை போகிற போக்கிலேயே புதிதாக எழுதினார்கள். யாரையும் நிறுத்துவதில்லை, கேமராதான் பின்னால் போகும். அம்மாவின் வசனக் காட்சிகள் நிறுவை முடிந்த பிறகு, பேசிய சம்பளத்துக்கு. ஒருவர் தனியாக எழுதியிருந்தால் இந்தப் பட்டியல் வந்திருக்காது. வெளிச்சம் எப்போது சாயும் என்று ஒளிப்பதிவாளரும், எந்த நேரத்தில் கீழேயிருந்து பஸ் ஹார்ன் கேட்காது என்று ஒலிப்பதிவாளரும் சொன்னார்கள். எந்தக் காட்சியை விட்டால் கதை குலையாது என்று சொன்னது அந்தக் கொப்பி.

கண்டிக்குச் சினிமா புதிதல்ல. 1984இல் வெளிவந்த 'இந்தியானா ஜோன்ஸ்' படத்தின் பகுதிகளை இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் எடுத்தார்கள். காசு உள்ளவர்கள் பிறர் நேரத்தை விலைக்கு வாங்கிவிடலாம். மலையகத்தைத் தமிழில் படமாக்கிய 'தோட்டக்காரி' (1963), 'புதிய காற்று' (1975) போன்றவற்றுக்கு அந்த வசதி இல்லை. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் நடித்துத் தயாரித்த 'புதிய காற்று' தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பேசியது. படச்சுருளும் ஆய்வுக்கூடமும் தேவைப்பட்ட காலம் அது. இன்று கைபேசி போதும். கருவி மலிந்துவிட்டது, தொழிலாளியின் நேரம் மலியவில்லை.

குறும்படம் எடுக்கக் கிளம்பும் மாணவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தோட்டத்துக்குப் போனால் முதலில் நிறுவை நேரத்தைக் கேளுங்கள், படப்பிடிப்பு அட்டவணையைப் பிறகு போடுங்கள். நின்று நடிக்கச் சொன்னால் அந்த நேரத்துக்குக் காசு கொடுங்கள். கடைசிப் பெயர்ப்பட்டியலில் அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் பெயரும் வரட்டும். படம் முடிந்ததும் முதல் காட்சியை லயத்துப் பிள்ளைமடுவத்தில் போட்டுக் காட்டுங்கள்.