பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபாரம்

கல்லூரி ஆண்டு மலர் ஒன்றின் வடிவமைப்பை மதிப்பிட்டுத் தரும்படி கேட்டார்கள். மாணவர்களே எழுதி, வரைந்து, பக்கம் அமைத்த மலர். கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறோம் என்றார் பொறுப்பாசிரியர். திரையில் பார்த்து மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. திரையில் எல்லாப் பக்கமும் பளிச்சென்றுதான் இருக்கும். தாளில் மை ஏறி, மடித்து, ஒட்டி, ஓரம் வெட்டிய பிறகு எது கையில் மிஞ்சுகிறதோ அதுதான் வடிவமைப்பு. மலர் சிவகாசியில் அச்சாகப் போகிறது என்று தெரிந்ததும், அதைத் தொகுத்த மாணவியையும் பக்கம் அமைத்த மாணவனையும் அழைத்துக்கொண்டு அந்த அச்சகத்துக்கே போனேன்.

காலண்டர் சீசன் முடிந்திருந்தது. முன்னறையில் கணினி முன்னால் இருந்த அக்கா இருபது வருடமாக டிடிபி வேலை பார்ப்பவர். பேஜ்மேக்கர் காலத்திலிருந்து வருகிறார். கோப்பைத் திறந்ததும் அவர் படங்களையோ அட்டையையோ பார்க்கவில்லை. ஒரு கட்டுரைப் பக்கத்தை எடுத்து, நான்கு வண்ணங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்.

“கறுப்பு எழுத்துன்னு நெனச்சிருக்கீங்க தம்பி. இது நாலு கலர்லயும் இருக்கு பாருங்க. நாலு பிளேட்டும் ஒரு மயிரிழை தள்ளுனாக்கூட எழுத்துக்குப் பக்கத்துல நிழல் விழும்.”

மாணவன் கேன்வாவில் பக்கம் அமைத்திருந்தான். திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவையில் இருக்கும் கறுப்பு, அச்சுக்கான நான்கு மைகளுக்கு மாறும்போது நான்கிலும் பரவிவிடும். கட்டுரை எழுத்து கறுப்பு பிளேட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும். அக்கா அதை ஒவ்வொரு பக்கமாகச் சரிசெய்தார். போகிற போக்கில் வேறு சிலவும் அவர் கண்ணில் பட்டன. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து யூனிகோடுக்கு மாற்றிய ஒரு பேராசிரியரின் கட்டுரையில் கொம்பும் காலும் பிரிந்து கிடந்தன; மேற்கோள் குறி இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து நின்றது. விளையாட்டு விழாப் படங்கள் வாட்ஸ்அப் வழியாக வந்தவை. வரும் வழியிலேயே சுருங்கிவிட்டவை. அவற்றை முழுப் பக்கத்துக்கு இழுத்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். அந்தப் படங்களைக் கால் பக்கத்துக்குக் குறைக்கச் சொன்னார்.

அடுத்து ஃபோர்மேன். சிவகாசி வழக்கப்படி எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தன பக்கம்?” எண்பத்து நாலு என்றாள் மாணவி. “எண்பதுன்னா அஞ்சு ஃபாரம். இந்த நாலு பக்கத்துக்காகத் தனியா ஒரு ஓட்டம் போடணுமே பாப்பா.”

ஒரு தாளை எடுத்து மூன்று முறை மடித்து, ஓரங்களில் எண் எழுதி, பிரித்துக் காட்டினார். தாளில் 1ஆம் பக்கத்துக்குப் பக்கத்தில் 16ஆம் பக்கம் இருந்தது. முதுகு மடிப்பில் அருகருகே சேரும் எந்த இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் 17. ஒரு ஃபாரத்தில் 8ஆம் பக்கமும் 9ஆம் பக்கமும் மட்டும்தான் வாசிக்கும்போதும் தாளிலும் ஒன்றாகவே இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பரவி நிற்கும் துறைக் குழுப் படத்தை மாணவன் 22, 23ஆம் பக்கங்களில் வைத்திருந்தான். தாளில் அவை வெவ்வேறு இடத்தில் அச்சாகும்; மடிப்பில் சற்று நகர்ந்தாலும் நடுவில் நிற்பவரின் முகம் இரண்டாகும். படம் 24, 25க்குப் போனது. டம்மி எனப்படும் இந்த மாதிரித் தாளை மடித்துப் பார்க்காமல் பக்கம் அமைக்கத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அளவும் இடித்தது. கணினி தானாகத் தரும் A4 பக்கத்தின் உயரம் ஏறத்தாழ 11.7 அங்குலம். அச்சகத்தில் இருந்தது 23க்கு 36 தாள். அதன் 23ஐப் பாதியாக்கினால் 11.5 அங்குலம், ஓரவெட்டும் போனால் இன்னும் குறையும். பக்க எண்ணைக் காகிதத்தின் அடி விளிம்பில் வைத்திருந்த பக்கங்களில் எண்ணே வெட்டுப்படும். உயரத்தைக் குறைத்து, எண்ணை மேலேற்றினார்கள்.

அந்த நாலு பக்கம்தான் பாக்கி. எந்த நாலை எடுப்பது? மலரின் தொடக்கத்தில் ஆறு வாழ்த்துரைகள், ஆளுக்கொரு பக்கம், ஒவ்வொன்றிலும் சிறிய நிழற்படம், பூங்கொடி ஓரம். பல கல்லூரி மலர்கள் இப்படித்தான் இருக்கின்றன. மாணவர் எழுத்தைத் தேடி வாசகர் பல பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது. பொறுப்பாசிரியர் தொலைபேசியில் முதலில் சொன்னது, கவிதைகளைக் குறைக்கலாம் என்று. மாணவி விடவில்லை. “மேடம், கவிதை எழுதுன எட்டுப் பேரும் முதன்முதலா அச்சுல வர்றாங்க. வாழ்த்துரைய எல்லாம் ரெண்டு பக்கத்துல சேர்த்துக்கலாம், ஒரு வார்த்தையும் போகாது” என்றாள். சற்று நேரம் கழித்து ஒப்புதல் வந்தது. அந்த மலரின் ஆகச் சிறந்த வடிவமைப்பு முடிவு அதுதான்.

மறுநாள் காலை மெஷின் ஓடியது. மெஷின்மேன் முதல் தாள்களை உருவி, ஓரத்துக் குறுக்குக் குறிகளின் மேல் லென்ஸை வைத்து, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகின்றனவா என்று ரெஜிஸ்டர் பார்த்தார். மையைக் கூட்டினார், தண்ணீரைக் குறைத்தார், மறுபடி உருவினார். நல்ல தாள் வரும் வரை ஓடுகிற தாளெல்லாம் கழிவு. வண்ணப் பக்கங்களை ஒரே ஃபாரத்தில் சேர்த்திருந்ததால் மற்ற நான்கும் கறுப்பு மட்டும். செலவு கட்டுக்குள் நின்றது.

ஒரு பக்கம் மட்டும் தோற்றது. இரவு வானப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் ஒரு கவிதை, 9 புள்ளி அளவில். அண்ணாச்சி வேண்டாம் என்றுதான் சொன்னார். மாணவன் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டான். சுற்றியுள்ள மை உள்ளே கசிந்து, மெய்யெழுத்துகளின் புள்ளிகளை விழுங்கிவிட்டது. ‘நட்சத்திரம்’ அங்கே ‘நடசததிரம’ என்று கிடந்தது. ஆங்கில எழுத்துக்குத் தாங்குகிற வடிவமைப்பு தமிழுக்குத் தாங்காது. தமிழில் மேலே சுழியும் புள்ளியும், கீழே உகரத்தின் இழுப்பும் உண்டு. வரிக்கு வரி கூடுதல் இடைவெளி வேண்டும். ஒடுங்கிய மூன்று பத்தியில் இருபுறமும் சமன் செய்தால் நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இந்த மலரிலும் சில பக்கங்களில் விழுந்திருக்கிறது. இரண்டு பத்தி போதும். அல்லது பழைய ஈய அச்சுக் கோப்பவர்கள் செய்ததுபோல, இணைப்புக் கோடு இல்லாமலே சொல்லை அடுத்த வரிக்கு உடைக்கலாம்.

மனம் நிறைந்த பக்கங்கள் விடுதிச் சமையலறை பற்றியவை. அண்டா, கரண்டி, ஆட்டுரல் எல்லாவற்றையும் ஒரு மாணவி கறுப்பு மையில் கோட்டோவியமாக வரைந்திருக்கிறாள். சாதாரண 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் ஒரு கோடும் சிதையவில்லை. ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் கோடுகள் சிற்றிதழ்களின் எளிய தாளில் அத்தனை உயிரோடு நின்றதற்கும் இதுவே காரணம்: கோடு, தாளைப் பகைத்துக்கொள்வதில்லை. அட்டையில் மலரின் பெயரைக் கையால் எழுதியிருப்பதும் அருமை.

பைண்டிங் அறையில் பெண்கள் தரையில் அமர்ந்து ஃபாரங்களைச் செட் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு சிறு கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்கும். ஐந்தையும் அடுக்கினால் கட்டங்கள் படிக்கட்டுபோல் இறங்க வேண்டும். ஒருவர் அடுக்கைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு செட்டை உருவி எடுத்தார். அதில் மூன்றாம் ஃபாரம் இரண்டு முறை வந்திருந்தது. அந்தக் கண்ணுக்கு மதிப்பெண் படிவத்தில் கட்டம் இல்லை.

என் மதிப்பீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன்: அட்டையும் ஓவியமும் மிக நன்று, எழுத்துருத் தேர்வு நன்று, பத்தி அமைப்பு திருத்தப்பட வேண்டும், வெள்ளை எழுத்துக் கவிதை தேறவில்லை. கூடவே கல்லூரிக்கு ஒரு வேண்டுகோளும் எழுதினேன். அடுத்த மலருக்குப் பக்கம் அமைக்கத் தொடங்கும் முன்பே மாணவர்களை ஒரு நாள் அச்சகத்துக்கு அனுப்புங்கள். மலரின் கடைசிப் பக்கத்தில் டிடிபி, மெஷின், பைண்டிங் வேலை செய்தவர்களின் பெயர்களையும் அச்சிடுங்கள்.