எந்தப் பட்டி தம்பி?

உங்க ஊர் பேர் எத்தனை எழுத்து? எனக்கு 12. காளப்பநாயக்கன்பட்டி! நாமக்கல்லில் இருந்து கொல்லிமலை போற வழியில், அடிவாரத்து ஊர். அப்ளிகேஷன்ல கட்டம் பத்தாது. அதனால எங்க வீட்டில் எல்லாருக்கும் அது வெறும் 'பட்டி'.

காலேஜில் 'சி' கிளாஸ்ல 'டைப்டெஃப்' நடத்தினப்போ, 'அட, நம்ம வீட்டு மேட்டர்!'னு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேர், மார்க், ரோல் நம்பர் மூணையும் ஒரே மூட்டையாக் கட்டினா அது ஸ்ட்ரக்சர். ஒவ்வொரு தடவையும் 'ஸ்ட்ரக்ட் ஸ்டூடண்ட்'னு முழுசா எழுதணும். டைப்டெஃப் போட்டு 'ஸ்டூ'னு ஒரு செல்லப் பேர் வெச்சுட்டா அதுவே போதும். புது டைப் எதுவும் பிறக்காது. மெமரியில் ஒரு பைட்கூட மாறாது. நீங்க தினமும் எழுதுற 'ஃபைல்'கூட இப்படி வெச்ச பேர்தான் பாஸ்!

ஈஸிதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன்... லேப் எக்ஸாம் வரைக்கும்.

லிங்க்டு லிஸ்ட் கேள்வி. 'டைப்டெஃப் ஸ்ட்ரக்ட்'னு ஆரம்பிச்சேன். அடைப்புக்குறிக்குள்ள அடுத்த நோடைக் காட்டும் பாயிண்டருக்கு ஸ்டைலா 'நோட்'னு செல்லப் பேரைப் போட்டேன். எர்ரர்! அழிச்சேன், எழுதினேன். மறுபடி எர்ரர். கை வேர்த்து, மணி அடிச்சு, பேப்பரைக் கொடுத்துட்டு வந்தேன். ரிசல்ட்? என் முதல் அரியர். வீட்டில் சொல்ல ரெண்டு நாள் ஆச்சு.

தப்பு என்ன தெரியுமா? கம்பைலர் மேலிருந்து கீழே படிக்கும். நான் 'நோட்'னு பேர் வெச்சது கடைசியில், அடைப்புக்குறி மூடின பிறகு. உள்ளே இருக்கும்போது அந்தப் பேரே இன்னும் பிறக்கலை! முதல் வரியிலேயே 'ஸ்ட்ரக்ட் நோட்'னு பேர் வெச்சு, உள்ளேயும் 'ஸ்ட்ரக்ட் நோட்'னு முழுசா எழுதியிருக்கணும். வெளியே வந்த பிறகுதான் செல்லப் பேர் செல்லும்.

லினக்ஸ் கெர்னல் எழுதுறவங்களோட விதிகளில், ஸ்ட்ரக்சருக்கு டைப்டெஃப் போடுறதே தப்புன்னு இருக்கு. படிக்கிறவனுக்கு உள்ளே என்ன இருக்குன்னு மறைஞ்சு போயிடுமாம்.

அரியர் லீவில் ஊருக்குக் கிளம்பினேன். நாமக்கல் பஸ்ஸில் ஏறி, பழக்கத்துல "ஒரு பட்டி"ன்னேன்.

கண்டக்டர் சிரிச்சார். "எந்தப் பட்டி தம்பி? இங்க சுத்தி எல்லாமே பட்டிதான்!"

முழுப் பேரையும் சொன்னேன். டிக்கெட் கிடைச்சது. அடுத்த செமஸ்டர்ல அரியரும் கிளியர்!