சுண்டுவிரல் இடைவெளி

சென்ற ஆண்டு ஜூலை மாதத்து மாலையொன்றில், புனே நகரில் நாங்கள் வாழும் வீட்டு வாசலில் பேரன் தன் புதிய கியர் சைக்கிளை நிறுத்திவிட்டு, எங்களைக் கடந்து உள்ளே ஓடினான். அவனது வெள்ளைச் சீருடையின் முதுகில், இடுப்பிலிருந்து பிடரி வரை, சேற்றுநீர் ஒரு கோடு இழுத்திருந்தது. அண்ணனும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், ஒன்றும் பேசவில்லை. அந்தக் கோட்டை நாங்கள் முன்பே அறிவோம்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமியிலிருந்து 1974ஆம் ஆண்டில் பூனாவுக்கு வந்தவர்கள் நாங்கள். இரண்டு தகரப் பெட்டிகளும் ஐயாவின் சைக்கிளும் எங்கள் உடைமைகள். "தினமும் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துக் கட்டுப்படியாகாதுப்பா" என்று சொல்லி அதை எங்களிடம் தள்ளிவிட்டவர், அதன்பின் மூன்று மைல் தொலைவிலிருந்த காட்டுக்கு நடந்தே போனார். வண்டி மீட்டர் பாதை ரயிலில் எழும்பூர் வந்து, கைவண்டியில் சென்ட்ரல் போய், மறுபடி பார்சல் பெட்டியில் ஏறி எங்களோடு பூனாவில் இறங்கியது.

அவ்வண்டிக்கு மட்கார்டு கிடையாது. இச்சொல்லுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என எண்ணுகிறோம். தமிழாசிரியராயிருந்த எங்கள் நண்பரொருவர் 'சேறுதாங்கி' என்று மேடையில் சொல்லுவார். பழுது பார்க்கும் கடையில் அவரும் மட்கார்டு என்றுதான் சொல்லுவார்.

ஐயா அதைக் கழற்றியதற்குக் காரணம் உண்டு. மழை நனைத்த கரிசலில் சக்கரம் உருண்டால், மண் களியைப்போல் டயரோடு ஒட்டிக்கொண்டு எழும்பும். மேலே மட்கார்டு இருந்தால் இரண்டுக்கும் நடுவே போய் அடைந்து இறுகிவிடும். பத்தடி போவதற்குள் சக்கரம் சுற்றாது நின்றுபோகும். குச்சியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். இல்லையேல் வண்டியைத் தோளில் சுமக்க வேண்டும். ஆகவே இரண்டு மட்கார்டுகளையும் கழற்றித் தொழுவத்துக் கூரையில் செருகி வைத்துவிட்டார். எங்கள் ஊரில் பலரும் அப்படியே செய்தார்கள். மட்கார்டு என்பது தேவையற்ற சுமை என்றே நாங்களும் நம்பி வளர்ந்தோம்.

பூனாவில் இருந்ததோ தார்ச்சாலை. அங்கே மழை மண்ணாக ஒட்டாது; நீராகத் தெறிக்கும். சுழலும் டயரைவிட்டு விடுபடும் துளி, விடுபட்ட இடத்துத் தொடுகோட்டின் வழியே பறக்கும் என்று பள்ளியில் படித்திருந்தோம். பின்சக்கரத்தின் மேற்புறத்திலிருந்து விடுபடுவது நேராக ஓட்டுபவன் முதுகுக்கு வரும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

எங்களில் இளையவனுக்கு ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. இருவருக்கும் சேர்த்து இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை முதல் நாளிரவே துவைத்து, செம்பில் நெருப்புத் துண்டுகளைப் போட்டுத் தேய்த்து வைத்தோம். காலையில் மழை விட்டிருந்தது. 'மழைதான் இல்லையே' என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கேள்விகளுக்கு நன்றாகவே விடை சொன்னான். அதிகாரிகள் சிரித்துப் பேசினார்கள். வணங்கிவிட்டுத் திரும்பி நடந்தபோது பின்னால் பேச்சு சட்டென்று நின்றதாம். ஏனென்று அப்போது அவனுக்கு விளங்கவில்லை. அறைக்கு வந்து சட்டையைக் கழற்றியபோதுதான் இருவரும் கண்டோம்.

அந்த வேலை கிடைக்கவில்லை. அந்தக் கோடுதான் காரணமென்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டோம். இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐயாவுக்கு எழுதிய கடிதத்தில், 'அவர்களுக்கு மராத்தி தெரிந்த ஆள் வேண்டுமாம்' என்று எழுதினோம்.

அடுத்த ஞாயிறன்று ராஸ்தா பேட்டில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். பளபளவென்று ஒரு வகை இருந்தது. கறுப்புப் பூச்சில் ஒரு வகை இருந்தது. கடைக்காரர் இரண்டையும் நகத்தால் சுண்டிக் காட்டினார். பளபளத்தது கலகலவென்றது, தகடு மெல்லியது. கறுப்பையே எடுத்தோம். செலவுக்கு அஞ்சி, பின்சக்கரத்துக்கு மட்டும் போதுமென்று மூத்தவன் சொன்னான். கடைக்காரர் பதில் சொல்லாமல் எங்கள் கால்களையும் சங்கிலியையும் சுட்டிக் காட்டினார். இரண்டிலும் முன்சக்கரம் வாரியிறைத்த சேறு அப்பியிருந்தது. ஒரு வாரச் சாப்பாட்டுப் பணம் இரண்டு மட்கார்டுகளாக மாறியது.

பூட்டுவதை அவர் செய்ய, நாங்கள் பக்கத்தில் குந்தியிருந்து கற்றோம். கம்பிகளை அச்சு நட்டில் மாட்டுவது எளிது; தகட்டைச் சக்கரத்தின் வளைவுக்கு ஒத்துவரச் செய்வதுதான் வேலை. ஒரு பக்கம் நெருங்கினால் உரசும். மறுபக்கம் விலகினால் பள்ளந்தோறும் ஆடும். போல்ட்டுக்கு அடியில் பழைய ட்யூப் துண்டொன்றை வெட்டி வைத்தார். அதன்பின் பல ஆண்டுகள் அது சத்தமே போடவில்லை.

1977ஆம் ஆண்டில் ஐயா எங்களைப் பார்க்க வந்தார். அப்போது இருவருமே வேலையிலிருந்தோம். வந்தவர் முதலில் பார்த்தது எங்களையல்ல, வண்டியை.

"இது எதுக்குப்பா?"

"இங்கே மழை அதிகம்ய்யா."

அவர் குனிந்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கட்டைவிரலை நுழைத்தார், போகவில்லை. சுண்டுவிரலை நுழைத்துச் சக்கரத்தைச் சுற்றிலும் ஓட்டினார். "நம்ம காட்டுக்குக் கட்டைவிரல் போனாலும் பத்தாது. இந்த ஊருக்குச் சுண்டுவிரல் போதும்" என்றார். வெள்ளைச் சட்டையின் கதையை அவரிடம் நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை.

பேரனிடம் மட்கார்டு போட வேண்டுமென்றபோது, "வண்டியோட அழகே போயிடும் தாத்தா" என்றான். கடையிலும் ஆசன கம்பியில் கவ்விக்கொள்ளும் ஒரு குட்டைப் பிளாஸ்டிக் வாலைத்தான் முதலில் நீட்டினார்கள். அது முதுகைக் காக்கும். காலையும் சங்கிலியையும் காக்காது. நல்லவேளையாக அவனது வண்டியில் முன்கவை குலுங்கும் வகையன்று. கம்பியைப் பூட்டத் துளைகளும் இருந்தன. டயரின் பக்கத்தில் 700×35 என்று போட்டிருந்தது. அகலம் 35 மில்லிமீட்டர். ஆகவே 45 மில்லிமீட்டர் அகலமுள்ள முழு மட்கார்டுகளைக் கேட்டு வாங்கினோம். முன்மட்கார்டின் கம்பி இழுத்தால் கழன்றுவிடும் கொக்கியில் மாட்டப்பட்டிருந்தது. அதை அவன் மட்டமான வேலை என்றான். டயர் ஒரு சுள்ளியை உள்ளே இழுத்துக்கொண்டால், இறுகப் பூட்டிய மட்கார்டு மடங்கிச் சக்கரத்தைப் பிடித்து ஓட்டுபவனைத் தலைகுப்புறத் தள்ளிவிடும். கழன்றுகொண்டால் அந்த ஆபத்துக் குறைவு என்று விளக்கினோம். அதற்குப் பின்தான் அவன் எங்கள் அருகில் வந்து உட்கார்ந்தான்.

பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வழிமறித்தது. கம்பியை அதற்கு வெளியே வளைத்துக் கொண்டுபோவதற்குள் ஒரு மணி நேரமாயிற்று. எல்லாம் முடிந்ததும், "சரியா இருக்கான்னு எப்படித் தெரியும், சின்னத் தாத்தா?" என்றான்.

எங்களில் இளையவர் அவனது சுண்டுவிரலைப் பிடித்து மட்கார்டுக்கு அடியில் வைத்தார். அவன் மெல்ல ஓட்டிக்கொண்டே போனான். ஆசனத்துக்குக் கீழே ஓரிடத்தில் விரல் நின்றது.

ஸ்பேனருக்காகக் கையை நீட்டினான்.